வீட்டு நுழைவிடம்: தேவையான ஆறு பொருள்களும் அவற்றின் பாணியும்

நுழைவிடத்தை அழகுபடுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஒரு சுவர்ப்படம், ஒரு பூச்சாடி, ஒரு சிறு சிலை. வாங்கி வைத்த சில நாள்களிலேயே சிலையின் காலடியில் செருப்புகள் சிதறிக் கிடக்கும். நாற்காலி முதுகில் மழைச்சட்டை தொங்கும். பூச்சாடியைச் சுற்றிச் சாவிக்கொத்து, பிரிக்காத கடிதங்கள், யாரோ கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி எல்லாம் குவிந்துவிடும். அந்த இடத்தில் அன்றாடம் நடக்கும் வேலைகளுக்கு இடம் ஒதுக்காமல் அலங்காரத்தை மட்டும் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும்.

நுழைவிடத்துக்கென்று தனியாக அலங்காரப் பொருள் வாங்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. செருப்பு வைக்க ஓர் அலமாரி, துணி மாட்டக் கொக்கிகள், உட்கார ஓர் இருக்கை, கையில் இருப்பதை வைக்க ஒரு சிறு மேசை அல்லது பலகை, ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு ஆகிய ஆறும் அங்கே எப்படியும் வேண்டும். இவற்றை ஒரே பாணியில் தேர்ந்தெடுத்தால் இவையே அலங்காரமாகிவிடும். இந்த வழிகாட்டி இந்த வரிசையில் போகிறது: முதலில் இடத்தைப் புரிந்துகொள்வது, அடுத்து ஆறு பொருள்களின் அளவு, அதன் பிறகு பாணி.

முதலில் ஒரு வாரம் கவனியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வெறுமனே கவனியுங்கள். உள்ளே வருபவர் கையில் இருப்பதை எங்கே போடுகிறார்? காலணியைக் கழற்றும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறாரா? ஈரக் குடை எங்கே போகிறது? கிளம்பியவர் எதை மறந்துவிட்டுத் திரும்பி ஓடி வருகிறார்? பொருள்கள் தாமாக வந்து சேரும் இடம்தான் அவற்றுக்கு வசதியான இடம். சாவி எப்போதும் கதவுக்கு வலப்பக்க ஜன்னல் திண்டில் கிடக்கிறது என்றால், சாவித்தட்டையும் அங்கேயே வையுங்கள். எதிர்ச்சுவரில் எவ்வளவு அழகான சாவிப்பெட்டியை மாட்டினாலும் சாவி திண்டுக்குத்தான் போகும்.

பிறகு அளவெடுங்கள். சுவர்களின் நீளம் மட்டும் போதாது. கதவு முழுவதும் திறக்கும்போது தரையில் எவ்வளவு இடத்தைச் சுற்றி வருகிறது, மின்சார சுவிட்சுகள் எங்கே இருக்கின்றன, கதவின் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கால் துடைக்கும் மிதியடியை வாங்கிய பிறகுதான் கதவு அதில் சிக்கி நிற்பது தெரியும். அட்டையை மடித்து மடித்துக் கதவுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள்; உரசாமல் கதவு திறக்கும் தடிமன்தான் மிதியடிக்கான உச்ச வரம்பு.

நடப்பதற்கு 90 செ.மீ. அகலமுள்ள பாதையை விட்டுவிடுங்கள். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ வரும் வீட்டில் இது இன்னும் முக்கியம். அவசரத்தில் எல்லோரும் வெளியேறும் வழியும் இதுதான் என்பதால், இந்த 90 செ.மீட்டரில் அழகுக்காகக்கூட எதையும் நீட்டிக்கொண்டு நிற்க விடக்கூடாது.

அளந்த பிறகு, பெயிண்டர்கள் பயன்படுத்தும் காகித ஒட்டுநாடாவை எடுத்து, வாங்க நினைக்கும் பெஞ்சின் வடிவத்தையும் அலமாரியின் வடிவத்தையும் தரையில் ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் அந்தக் கோடுகளை மிதிக்காமல் நடந்து பாருங்கள். இரு கையிலும் பைகளோடு வரும்போது கோட்டை மிதித்துவிடுகிறீர்கள் என்றால், நிஜமான மேசையின் விளிம்பில் இடித்துக்கொள்ளப்போகிறீர்கள்.

ஆறு பொருள்கள், அவற்றின் அளவுகள்

*செருப்பு.* பெரியவர்களின் காலணி ஏறக்குறைய 30 செ.மீ. நீளம் வரை வரும். ஆகவே காலணியை நேராக வைக்கும் அலமாரிக்கு 33 முதல் 35 செ.மீ. ஆழம் வேண்டும். ஒடுக்கமான இடத்தில் இது முடியாது. அங்கே முன்பக்கம் சாய்ந்து திறக்கும் வகை அலமாரி கைகொடுக்கும். காலணிகள் செங்குத்தாக நிற்பதால் 17 முதல் 20 செ.மீ. ஆழமே போதும். இவ்வகை அலமாரி மெலிதாகவும் உயரமாகவும் இருப்பதால், திறக்கும்போது முன்னோக்கிச் சாயும். சுவரில் திருகி நிறுத்தாமல் பயன்படுத்தவே கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எல்லாக் காலணிகளும் இங்கே இருக்க வேண்டியதில்லை. ஆளுக்கு இரண்டு ஜோடி வாசலில், மற்றவை உள்ளே என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வீடுகளில் சிறிய அலமாரியே போதும். அலமாரிக்குக் கதவு இருந்தால் பார்வைக்கு அமைதி. ஆனால் காற்றோட்டத்துக்குத் துளைகளோ இடைவெளிகளோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துர்நாற்றம் தங்கிவிடும்.

*கொக்கி.* பெரியவர்களுக்குத் தரையிலிருந்து 160 முதல் 170 செ.மீ. உயரம். குழந்தைகளுக்கு 100 முதல் 120 செ.மீ. உயரத்தில் தனி வரிசை. இரண்டு கொக்கிகளுக்கு இடையே 15 முதல் 20 செ.மீ. விடுங்கள், நெருக்கமாக அடித்தால் ஒன்றின் மேல் ஒன்று தொங்கி மூட்டையாகிவிடும். தடித்த மேலங்கிகள் தொங்கும்போது சுவரிலிருந்து 25 செ.மீ. அளவுக்கு வெளியே வரும் என்பதையும் நடைபாதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நுழைவிடத்தில் மிகவும் அடிபடும் பொருள் அதுதான். பையை மாட்டுபவர் மெதுவாக மாட்டுவதில்லை. வீசி மாட்டுகிறார், இழுத்து எடுக்கிறார். தனித்தனியாகச் சுவரில் திருகிய கொக்கிகளில் ஒன்று தளர்ந்தால் அதைச் சுற்றிப் பூச்சு பெயர்ந்து வரும். அதனால் ஒரு நீண்ட மரப்பலகையில் கொக்கிகளைப் பொருத்தி, அந்தப் பலகையை நான்கைந்து இடங்களில் சுவரோடு திருகுவது நல்லது. செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் துளையிட்டு, திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கை உள்ளே வைத்து, திருகாணியை இறுக்குங்கள். தட்டிப் பார்த்தால் வெற்றொலி கேட்கும் பலகைச் சுவர் என்றால், உள்ளே நிற்கும் மரச்சட்டத்தைத் தேடி அதில் திருகுங்கள். அல்லது பலகைச் சுவருக்கென்றே உள்ள விரியும் பிளக்கை வாங்குங்கள். சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடாதீர்கள்; மின்கம்பி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். சுவரில் துளையிட அனுமதியில்லாத வாடகை வீட்டில் ஒட்டுக் கொக்கிகள் இருக்கின்றன. உறையில் அச்சிட்ட எடை வரம்பைப் பார்த்து, அதில் பாதியைத்தான் மாட்டுங்கள்.

*இருக்கை.* உயரம் 43 முதல் 48 செ.மீ.; ஆழம் 35 செ.மீ. இருந்தால் போதும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் அதிகமான உயரத்தைத் தேர்ந்தெடுங்கள். எழும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோ அருகே ஓர் உறுதியான விளிம்போ இருந்தால் அவர்களுக்குப் பெரிய உதவி. மெத்தை வைப்பதானால் கழற்றித் துவைக்கக்கூடிய உறை வேண்டும்.

*சிறு மேசை அல்லது பலகை.* 25 முதல் 35 செ.மீ. ஆழம், 75 முதல் 85 செ.மீ. உயரம். இடமே இல்லையா? சுவரில் 12 செ.மீ. அகலப் பலகை ஒன்றைப் பொருத்தினாலே சாவியும் கடிதங்களும் அடங்கிவிடும். அதன் மேல் விளிம்புள்ள ஒரு தட்டு கட்டாயம் வையுங்கள். தட்டு இருந்தால் நான்கு பொருள்கள் ஒழுங்காகத் தோன்றும். தட்டு இல்லாவிட்டால் அதே நான்கும் குப்பையாகத் தோன்றும்.

*கண்ணாடி.* அதன் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் வரட்டும். மேசைக்கு மேலே மாட்டுவதானால், மேசை அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலமுள்ள கண்ணாடி கண்ணுக்கு அடக்கமாக இருக்கும். மாட்டுவதற்கு முன் அதில் எது பிரதிபலிக்கும் என்று பாருங்கள். ஜன்னல் தெரிந்தால் இடம் விரிந்து தெரியும். குளியலறைக் கதவோ குவிந்த துணியோ தெரிந்தால் அலங்கோலம் இரண்டு மடங்காகும். சுவரில் சாய்த்து நிறுத்தும் ஆளுயரக் கண்ணாடியின் மேல்பகுதியைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

*விளக்கு.* கூரையின் நடுவில் உள்ள ஒற்றை விளக்கு முகத்தில் நிழல் விழ வைக்கும். கண்ணாடியில் பார்க்கும்போது கண்ணுக்குக் கீழே கருமை தெரியும். கண்ணாடிக்குப் பக்கவாட்டில், முகத்தின் உயரத்தில், இரண்டாவது விளக்கு ஒன்று இருக்கட்டும். பல்பின் உறையில் 2700 முதல் 3000 கெல்வின் என்று போட்டிருந்தால் இதமான மஞ்சள் கலந்த வெளிச்சம். 4000க்கு மேலே போனால் அலுவலகத்து வெளிச்சம் வந்துவிடும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் எண் (உறையில் CRI) 90க்கு மேல் இருந்தால், அணிந்திருக்கும் உடையின் நிறம் வெளியே போன பிறகு வேறாகத் தெரியாது. தொங்கு விளக்கின் அடிப்பகுதி தரையிலிருந்து குறைந்தது 210 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கதவு திறக்கும்போது அதில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். கை நிறையப் பைகளோடு இருட்டில் நுழைபவருக்கு, அசைவைக் கண்டு தானே எரியும் விளக்கைவிட உதவியான பொருள் வேறில்லை.

தரையும் சுவரும்

மிதியடி இரண்டு வேண்டும். கதவுக்கு வெளியே மண்ணைச் சுரண்டும் முரட்டு நார் வகை. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் வகை. உள்ளே போடுவதற்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு அவசியம். டைல்ஸ் மாற்றுவதாக இருந்தால் மினுமினுக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். ஈரக் கால் படும் இடத்தில் சொரசொரப்பான மேற்பரப்புதான் பாதுகாப்பு.

சுவரின் கீழ்ப்பகுதியில் பை உரசும், காலணி படும், குழந்தையின் கை பதியும். தரையிலிருந்து 90 அல்லது 100 செ.மீ. வரை துடைக்கக்கூடிய, மிதமான மினுக்குள்ள சாட்டின் பெயிண்ட்டை, சற்று அடர்ந்த நிறத்தில் அடியுங்கள். மேலே வெளிர்நிறம். குறைந்த செலவில் நுழைவிடத்தின் தோற்றத்தை இந்த அளவுக்கு மாற்றும் வேறு வேலையை நான் அறியேன். பாணி எதுவானாலும் இது பொருந்தும், நிறம்தான் மாறும்.

பாணியைத் தேர்ந்தெடுப்பது

நுழைவிடத்திலிருந்து அடுத்த அறை கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா? அங்கே நின்று அந்த அறையைப் பாருங்கள். அங்குள்ள மரத்தின் நிறம், உலோகத்தின் நிறம், துணிகளில் அதிகம் வரும் நிறம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கும் பாணி இவற்றில் இரண்டையாவது ஏற்றுக்கொள்ள வேண்டும். வரவேற்பறையில் கருந்தேக்கும் பித்தளையும் நிறைந்திருக்க, வாசலில் மட்டும் வெள்ளை பிர்ச் மரமும் கறுப்பு இரும்பும் வைத்தால் இரண்டு வீடுகளின் பாதிகளை ஒட்டியதுபோல் இருக்கும்.

ஜப்பானியப் பாணி

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான், ஏனென்றால் நுழைவிடத்தைத் தனி இடமாகவே மதித்து வளர்ந்த மரபு இது. ஜப்பானிய வீட்டின் நுழைவிடத்துக்குக் கென்கான் என்று பெயர். அதன் தரை, வீட்டின் மற்றத் தரையைவிடத் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த பகுதி வரைதான் காலணி. அங்கிருந்து ஒரு படி ஏறினால் வீடு. அந்தப் படியின் விளிம்பில் ஒரு மரச்சட்டம் ஓடும். அதில் உட்கார்ந்தே காலணியைக் கழற்றுவார்கள். கழற்றிய காலணியின் முனை கதவைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார்கள். கிளம்பும்போது அப்படியே காலை நுழைத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே கெதாபாகோ எனும் காலணி அலமாரி.

தரையைத் தாழ்த்த முடியாதவர்கள் இதை எப்படிக் கையாள்வது? எல்லையைத் தரையின் பொருளால் காட்டுங்கள். கதவிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டருக்குக் கருஞ்சாம்பல் நிறக் கல் டைல்ஸ், அதற்கப்பால் மரத்தரை. டைல்ஸ் மாற்ற முடியாவிட்டால், அதே அளவில் கருஞ்சாம்பல் விரிப்பு ஒன்றைச் சுவரிலிருந்து சுவர் வரை போடுங்கள். விரிப்பு முடியும் கோட்டில் தாழ்வான மர பெஞ்ச். அலமாரி இடுப்புயரத்துக்கு மேல் போகாமல், கைப்பிடி இல்லாத தட்டைக் கதவுகளோடு, வெளிர் மரத்தில் இருக்கட்டும். அதன் மேற்பரப்பில் ஒரே ஒரு பொருள்: கரடுமுரடான மண்சாடி, அதில் ஒற்றைக் கிளை. இந்தப் பாணியில் இரண்டாவது பொருள் வந்த கணமே அதன் வலிமை போய்விடும். கொக்கிகளைக் கதவுக்குப் பின்புறச் சுவரில், நுழைபவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். விளக்கு, காகிதம் அல்லது மெல்லிய துணியால் ஆன கூட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும். பல்பு நேராகக் கண்ணில் படக்கூடாது.

ஸ்காண்டிநேவியப் பாணி

சுவீடன், டென்மார்க் போன்ற, நீண்ட, இருண்ட குளிர்காலத்தைக் கழிக்கும் நாடுகளில் உருவானது. கிடைக்கும் சிறிது வெளிச்சத்தையும் வீணாக்காமல் வீட்டுக்குள் பரப்புவதே அதன் அடிப்படை. வெள்ளைச் சுவர், பிர்ச், பைன், பீச் போன்ற வெளிர் மரங்கள், பெரிய கண்ணாடி. சூரிய ஒளி நன்றாக வரும் வீட்டில் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூச வைக்கும். அங்கே பாலேட்டு நிறமோ மிக வெளிர் சாம்பலோ பொருத்தம். சுவரெங்கும் மர முளைகள் வரிசையாக நீளும் பலகை, பின்னல் கூடை, ஆட்டுத்தோல் போன்ற மென்மையான விரிப்பு பெஞ்சின் மேல். வெளிர்நிறங்களே நிறைந்திருப்பதால் ஒரு கறுப்புக்கோடு வேண்டும்: கண்ணாடியின் சட்டமோ விளக்கின் தண்டோ கறுப்பாக இருந்தால் மொத்த இடமும் கூர்மை பெறும்.

ஜப்பானியப் பாணியோடு இது எளிதில் கலக்கும். இரண்டும் வெளிர் மரத்தையும் வெற்றிடத்தையும் விரும்புபவை. கலப்பதானால் சுவரும் வெளிச்சமும் ஸ்காண்டிநேவிய வழியில், தரையும் அலமாரியும் ஜப்பானிய வழியில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதிப் பாணி

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் செழித்தது. தேக்கு, வால்நட் போன்ற செம்பழுப்பு மரங்கள். கீழே போகப்போக மெலியும் சாய்ந்த கால்கள். நேர்க்கோடுகளுக்கு நடுவே திடீரென்று ஒரு வட்டம். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1953இல் வடிவமைத்த சுவர்க் கொக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கம்பிச் சட்டம். ஒவ்வொரு கம்பி நுனியிலும் ஒவ்வொரு வண்ணத்தில் மரப்பந்து. குழந்தைகள் தங்கள் பொருள்களைத் தாங்களே மாட்டிவைக்கத் தூண்ட வேண்டும் என்பது நோக்கம். பந்து நுனியில் சட்டை மாட்டினால் துணியில் கூர்முனைத் தடம் விழுவதில்லை. சுவரில் எதுவும் மாட்டாதபோதும் அது ஓவியம்போல் நிற்கிறது. பயன்படும் பொருளே அலங்காரமாவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை என்னால் காட்ட முடியாது.

அசலை வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. தச்சரிடம் கடைந்த மரப்பந்துகளை வாங்கி, நான்கு வண்ணம் அடித்து, நீண்ட திருகாணியால் சுவரில் பொருத்தினாலே அந்த உணர்வு வந்துவிடும். கடுகுமஞ்சள், ஆலிவ் பச்சை, செங்கல் ஆரஞ்சு, மயில்நீலம் ஆகியவை இந்தப் பாணியின் நிறங்கள். ஒன்றை மட்டும் சுவருக்கும், இன்னொன்றைப் பெஞ்சின் மெத்தைக்கும் கொடுங்கள். கதிர்கள் விரியும் சூரிய வடிவச் சட்டமுள்ள வட்டக் கண்ணாடி இங்கே அழகு. சாய்ந்த கால்களுள்ள சிறு மேசைக்குக் கீழே தரை தெரிவதால், ஒடுக்கமான நுழைவிடமும் விசாலமாகத் தோன்றும். சிறிய வீட்டுக்கு இந்தப் பாணியை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆர்ட் டெக்கோ

1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைகள், தொழிற்கலைகளின் சர்வதேசக் கண்காட்சியிலிருந்து இந்தப் பெயர் வந்தது. நுழைவிடத்தின் பெருமையே இதன் பேசுபொருள். நியூயார்க்கில் 1930இல் கட்டி முடிக்கப்பட்ட கிரைஸ்லர் கட்டடத்தின் முகப்புக் கூடம் இதற்குப் பெயர்பெற்றது. பளிங்கு, கறுப்பு அரக்குப் பூச்சு, பித்தளை, விசிறி வடிவங்கள், படிப்படியாக உயரும் விளிம்புகள். வீட்டில் இதைச் செய்வதானால் சமச்சீர் முக்கியம்: நடுவில் விசிறி வடிவக் கண்ணாடி, இரு பக்கமும் ஒரே மாதிரிச் சுவர் விளக்குகள், கீழே பளிங்கு மேற்பரப்புள்ள ஒடுக்கமான மேசை. சுவருக்கு அடர்பச்சை அல்லது கருநீலம். செருப்பு, குடை எதுவும் கண்ணில் படக்கூடாத பாணி இது என்பதால் மூடிய அலமாரிக்கு இடமில்லாத வீட்டில் இதைத் தொடவே வேண்டாம்.

விக்டோரிய காலத்து மரபு

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வீடுகளின் நுழைவிடத்தில் நின்ற மரத்தாங்கி இன்றும் பயன்படும் யோசனை. நடுவில் கண்ணாடி, அதைச் சுற்றிக் கொக்கிகள், கீழே சிறு இழுப்பறை, பக்கத்தில் குடைகளை நிறுத்த இடம், குடையிலிருந்து வடியும் நீரைப் பிடிக்க உலோகத் தட்டு. ஆறு பொருள்களில் மூன்று நான்கு ஒரே மரச்சாமானில் அடங்கிவிடுகின்றன. பழைய மரச்சாமான் கடைகளில் இப்படிப்பட்டதைக் கண்டால் பின்பலகை கரையான் அரித்திருக்கிறதா, அடிக்கால் ஆடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சற்றே எளிமையான தோற்றம் வேண்டுமென்றால் வளைமரத் தாங்கி இருக்கிறது. மரச்சாமான் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட் பீச் மரத்தை நீராவியில் பதப்படுத்தி வளைத்த முறையில் பிறந்தது அது. 1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலி உலகெங்கும் புகழ்பெற்றது. வளைமரத் தாங்கிக்கு அடி அகலமாக இருக்க வேண்டும். எல்லாச் சட்டைகளையும் ஒரே பக்கத்தில் மாட்டினால் கவிழ்ந்துவிடும்.

பண்ணை வீட்டுப் பாணியும் தொழிற்கூடப் பாணியும்

இவை இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பண்ணை வீட்டுப் பாணி என்றால் செங்குத்துப் பலகை அடைப்பு, தேய்ந்த மர பெஞ்ச், தகர வாளி, பின்னல் கூடைகள். அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் அறையைச் சுற்றி முளைப்பலகை பொருத்தி, நாற்காலிகளைக்கூட அதில் தூக்கி மாட்டித் தரையைப் பெருக்கினார்கள். அந்த முளைப்பலகைதான் இந்தப் பாணியின் உயிர். ‘நல்வரவு’ போன்ற வாசகப் பலகைகள் தேவையில்லை. கதவு திறந்ததே போதுமான வரவேற்பு.

தொழிற்கூடப் பாணி, நியூயார்க்கின் சோஹோ பகுதியில் கைவிடப்பட்ட தொழிற்கூடங்களில் 1960கள், 70களில் ஓவியர்கள் குடியேறியதிலிருந்து பரவியது. பூசாத செங்கல், இரும்புக் குழாய், கம்பிக் கூண்டுக்குள் பல்பு. இரும்பு அதிகமானால் இடம் குளிர்ந்து கடினமாகிவிடும். பெஞ்சின் பலகை பழைய தடித்த மரமாக இருக்க வேண்டும். குழாய்களின் வெட்டு முனைகளை மூடியிட்டு மூடாவிட்டால் துணி கிழியும்.

மொராக்கோவும் மத்தியதரைக் கடலும்

மொராக்கோவின் பழைய முற்றத்து வீடுகளில் கதவைத் திறந்தவுடன் முற்றம் தெரியாது. நடைவழி ஒரு முறை திரும்பித்தான் உள்ளே போகும். தெருவில் நிற்பவர் கண்ணுக்கு வீட்டின் உட்புறம் எட்டாது. நேராக வரவேற்பறைக்குள் திறக்கும் இன்றைய கதவுகளுக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது. துளைவேலைப்பாடுள்ள மரத்தட்டி ஒன்றைக் கதவுக்கு எதிரே ஒரு மீட்டர் தள்ளிச் சற்றுக் குறுக்காக நிறுத்தினால், பார்வை தடைபடும், காற்றும் வெளிச்சமும் தடைபடா. சோப்பு தேய்த்து மெருகேற்றும் தடலாக்ட் என்ற சுண்ணாம்புப் பூச்சு, சுடுமண் தரை, துளையிட்ட பித்தளை விளக்கு, தேனிரும்புக் கொக்கி. விளக்கின் துளைகள் வழியே ஒளி சுவரில் கோலமிடும் என்பதால் சுவரில் வேறு படம் வேண்டாம்.

தனி நுழைவிடமே இல்லாத வீடு

கதவைத் திறந்தால் நேரே வரவேற்பறை என்றால், இடத்தை நீங்களே உண்டாக்க வேண்டும். கதவையொட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் சுவரில் வேறு நிறம் அடியுங்கள். அதே அகலத்துக்குத் தரையில் விரிப்பு. அதற்கு மேலே தனி விளக்கு. இந்த மூன்றும் ஒரே கோட்டில் முடிந்தால் கண் அதைத் தனி அறையாகவே ஏற்றுக்கொள்ளும். சோபாவின் முதுகைக் கதவுப்பக்கம் திருப்பி, அதன் பின்னால் ஒடுக்கமான மேசை வைப்பதும் நல்ல வழி. இத்தகைய வீட்டில் பாணியைத் தனியாகத் தேடாதீர்கள்; அறையின் பாணியே வாசலுக்கும்.

எந்த வேலை முதலில்?

மின்வேலை முதலில், ஏனென்றால் அதற்குச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். அடுத்து தரை, பிறகு பூச்சும் பெயிண்டும். பெயிண்ட் காய்ந்த பிறகு கொக்கிப் பலகை, கண்ணாடி, அலமாரி ஆகியவற்றைச் சுவரில் பொருத்துங்கள். பெஞ்ச், மேசை, மிதியடி கடைசியில். பணம் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்க வேண்டாம். விளக்கும் கொக்கிப் பலகையும் முதல் மாதம். செருப்பு அலமாரி அடுத்து. கண்ணாடியும் இருக்கையும் பொறுத்து வரட்டும். கண்ணாடியைப் பழைய பொருள் கடையில் தேடுங்கள், சட்டத்துக்குப் பாணிக்கேற்ற வண்ணம் அடித்துக்கொள்ளலாம்.

அமைத்து முடித்த பிறகு, மழைக்காலத்தில் ஒரு முறையும் குளிர்காலத்தில் ஒரு முறையும் கொக்கிகளை எண்ணிப் பாருங்கள். பருவம் மாறும்போது மேலங்கிகளும் குடைகளும் கூடும். ஒரு கொக்கியில் இரண்டு பொருள் தொங்கத் தொடங்கினால், பயன்படாத பருவத்து உடைகளை உள் அலமாரிக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகும் இடம் போதாவிட்டால் பலகையின் முனையில் இன்னும் இரண்டு கொக்கிகளுக்கு இடம் விட்டு வைத்திருப்பது உதவும்.